நாலு உள்ளங்கை நிலம்

சாம்சனின் கார் கிளம்புவது வடக்குப்பட்டில் யாருக்கும் கேட்காது. தெருவில் குறுக்கே படுத்திருக்கும் நாய்கூடத் தலையைத் தூக்காது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் வண்டி அது. கிளம்பும்போது பேட்டரியில்தான் நகரும். வாங்கி வந்த புதிதில் சபைப் போதகர் பானெட்டில் கைவைத்து நீளமாக ஜெபம் பண்ணிவிட்டு, சரிப்பா ஸ்டார்ட் பண்ணு என்றார். வண்டி அப்போது ஸ்டார்ட் ஆகித்தான் நின்றுகொண்டிருந்தது. அவரோடு சேர்ந்து அதுவும் கண்ணை மூடி நின்றது என்று சாம்சன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். ஆனால் தனியாக ஓட்டும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. பிரேக்கை மிதித்தால் பேட்டரி ஏறுகிறது. நிற்கிற நேரத்தில் ஓடுவதற்கு வேண்டியதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வண்டியை நினைத்தால் அவனுக்கு இரண்டு வருஷம் ஆகியும் உடம்பு சிலிர்க்கும்.

இத்தனைக்கும் அவன் காருக்குப் புதியவன் இல்லை. மூடிவிட்டுப் போன ஒரு கார் கம்பெனியில் பதினொரு வருஷம் லைனில் நின்றவன். சக்கரம் மாட்டுகிற இடம் அவனுடையது. மேலிருந்து வண்டி தொங்கிக்கொண்டு வரும், சக்கரம் பக்கத்தில் உருண்டு வரும், தூக்கி வைத்து ஐந்து நட்டையும் ஒரே அழுத்தில் முறுக்கிவிட்டால் அடுத்த வண்டி. கம்பெனி கதவைச் சாத்தியபோது கிடைத்ததைப் போட்டு இந்த வண்டியைப் பழையதாக வாங்கினான். குன்றத்தூரில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் மூலம் ஒரகடம் கம்பெனி ஒன்றின் மூன்று அதிகாரிகளைக் காலையில் ஏற்றிப் போய் மாலையில் இறக்கிவிடுவான். பெட்ரோல் டிராவல்ஸ் போடும். அதனால் மைலேஜ் என்பது அவனுக்குச் சாதாரண விஷயம் இல்லை, அதுதான் அவன் வேலை.

மனைவி பிரவீனா டயர் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒன்பது வருஷமாகக் கடைசிச் சோதனை. வெந்து வரும் டயரை நிறுத்தி, வெளியே கண்ணால் பார்த்து, உள்ளே கையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, சரி என்றால் உள்பக்க விளிம்பில் தன் நம்பர் முத்திரையைக் குத்தி அனுப்ப வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஐந்நூறுக்குக் குறையாது. கையுறையில் விரல் நுனிகளை வெட்டியிருப்பார்கள், தொட்டால்தானே தெரியும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கையில் ரப்பர் வாசம் ஒரு ஓரமாக இருக்கும். சாம்சனுக்கு அது பழகிவிட்டது. அந்த வாசம் இல்லாமல் பிசைந்த சோறு அவனுக்குச் சோறாகவே தெரியாது.

இப்படி ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு, போன வருஷம் ஜூன் மாதம் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், டாக்சி ஸ்டாண்டில் யாரோ சொன்னார்கள் என்று மலிவாக நாலு டயரை மாட்டிக்கொண்டு வந்தான் அந்த மகாபுத்திசாலி. பிரவீனா வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். குனிந்து கட்டைவிரல் நகத்தால் ரப்பரை ஒரு அழுத்து அழுத்தினாள். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவன் சொன்ன பதில்தான் வினை.

"டயர்ல இன்னா கீது? கருப்பா ரவுண்டா இருந்தா டயரு."

அவள் சண்டை போடவில்லை. ஒரு வாரம் பேசவும் இல்லை. சோறு போட்டாள், ஷிப்டுக்குப் போனாள், வந்தாள். ஒன்பது வருஷம் தினமும் எட்டு மணி நேரம் தான் செய்கிற வேலையைக் கட்டிய புருஷன் ஒரே வரியில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான் என்பது அவளுக்குள் முள்ளாக நின்றது. அதன் பிறகு வீட்டில் டயர் என்ற பேச்சையே இருவரும் எடுத்ததில்லை.

லிட்டருக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி அந்த மலிவு டயரில் பதினெட்டுக்கு இறங்கிவிட்டது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் டிராவல்ஸ் மானேஜர் வனமாமலை எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒவ்வொரு வண்டியையும் டேங்க் நிரப்பி ஓட்டிப் பார்க்கப்போவதாகச் சொன்னார். ஹைபிரிட் வண்டி லிட்டருக்கு இருபதுக்குக் கீழே போனால் அந்த டிரிப் வேறு வண்டிக்குப் போய்விடும். சாம்சனுக்கு இருந்தது அந்த ஒரு டிரிப்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும். வெளியே மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சாம்சன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நாளிக்குக் காலீல டெஸ்ட்டு," என்றான்.

"தெரியும்."

"ஒரு ஐடியா கீது. இப்போ கீற டயரு நல்லா தேஞ்சிக்கீது. தேஞ்ச டயரு லேசா உருளும். முப்பத்திமூணு வெக்கற எடத்துல நேத்தே காத்து நாப்பத்தஞ்சு ஏத்திகினேன். கல்லு மாறி நிக்குது வண்டி. இப்டியே டெஸ்ட்ட முடிச்சிட்டு அப்பால புதுசு போட்டுக்கலாம்."

பிரவீனா நிமிர்ந்து பார்த்தாள். வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற வேலைதான் அது, அவளுக்குத் தெரியும். மைலேஜ் வரவும் வரும்.

"மழ பேஞ்சிகினு கீது. வண்டில மூணு பேரு குந்திகினு வராங்க. நீ ஒருத்தன் ஓட்ற."

"மெதுவா போறேன்."

"ஒரகடம் ரோட்ல நீ மெதுவா போவ. பின்னாடி வர கண்டெய்னரு போவுமா?"

சாம்சன் கருவாட்டு முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். வைக்க முள் தீர்ந்துபோன பிறகுதான் வாய் திறந்தான்.

"அப்ப நீயே சொல்லு. இன்னா டயரு போடலாம்?"

கை கழுவ எழுந்தவள் குழாயடியில் அப்படியே நின்றாள். தண்ணீர் கொஞ்ச நேரம் சும்மா ஓடியது. இதைக் கேட்க ஒரு மனுஷனுக்குப் பதினாறு மாசம் ஆகியிருக்கிறது. குழாயை மூடிவிட்டு, சட்டையைப் போட்டுகினு கெளம்பு, டயர் கடைய சாயந்தரம் மூடிடுவாங்க என்றாள்.

படப்பையில் கோதண்டம் டயர் கடை ரோட்டு மேலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக் கார் வைத்திருப்பவனும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவனும் அவரிடம்தான் வருவார்கள். பேச்சில் ஆளைக் கவிழ்த்துவிடுவார், ஆனால் மோசக்காரர் இல்லை. டயர் கழற்றி மாட்டுவது உச்சிமாகாளி. கோவில்பட்டிப் பக்கம்; முப்பது வயசுக்கு மேல் இருக்கும். கம்பெனி வேலைக்கென்று வந்து, ஒப்பந்தம் முடிந்து, இங்கே தங்கிவிட்டான்.

கோதண்டம் முதலில் காட்டியது தடித்தடியாகக் கட்டை வைத்த டயர். இத்தப் போட்டா ஆயுசுக்கும் தேயாது என்றார். பிரவீனா அதைத் தொடவே இல்லை. அடுத்தது, எரிபொருள் சிக்கனத்துக்கு நட்சத்திரம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியது, நட்சத்திரம் நிறையவே இருந்தது. சாம்சனின் கண் அதில் ஒட்டிக்கொண்டது. பிரவீனா அதில் விரலால் அழுத்திப் பார்த்து, இது காஞ்ச ரோட்டுக்குச் சரி, மழைக்குப் பிடிப்புக் கம்மி என்று தள்ளி வைத்தாள். மூன்றாவதில் ஒரு நட்சத்திரம் குறைவு. அவளுடைய கம்பெனி டயர். அதை எடுங்கள் என்றாள்.

"ஒரு ஸ்டாரு கம்மியா கீதே," என்றான் சாம்சன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவன் கேட்டதில்லை.

"டயரு உருள சொல்லோ சும்மா உருள்றதில்ல. தரைல படற எடம் அமுங்குது, அப்பறம் எழும்புது. வண்டி ஓட்ற நேரமெல்லாம் அமுங்கி அமுங்கி எழும்பிகினே கீது. அமுங்க சொல்லோ சூடாவும். அந்தச் சூடு எங்கேர்ந்து வருது? உன் பெட்ரோல்லேர்ந்து. அந்தச் சூட்டக் கம்மி பண்ணா மைலேஜு. ஆனா ரப்பர ரொம்பக் கெட்டி பண்ணிட்டா ஈரத்துல வழுக்கும். ரெண்டும் சேர்ந்து வர்றதுக்குத்தான் ஒரு வெள்ளப் பவுடரு கலந்து பக்குவம் பண்றாங்க. இதுல அந்தப் பக்குவம் கீது."

சாம்சன் தன் வண்டியின் பெட்ரோலை இத்தனை நாள் இன்ஜின் குடிக்கிறது என்று நினைத்திருந்தான். பாதையும் குடிக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

உச்சிமாகாளி ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினான். பிரவீனா அவனை நிறுத்தி, ஒரு அட்டையைக் கீழே போட்டு வண்டியை ஒரு தடவை அதன் மேல் இறக்கித் தூக்கச் சொன்னாள். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. மழையில் நனைந்த சக்கரம் அட்டையில் இறங்கி ஏறியது. அட்டையை உருவி எடுத்துச் சாம்சன் முன்னால் வைத்தாள். நீளவாக்கில் ஒரு ஈரத் தடம். அகலம் மூன்று விரல்கூட இல்லை.

"இவ்ளோதானா?" என்றான் அவன்.

"காத்து சரியா இருந்தா இவ்ளோ படும்," என்று தன் உள்ளங்கையை அந்தத் தடத்தின் மேல் விரித்து வைத்தாள். கை தடத்தை மூடிவிட்டு இரண்டு பக்கமும் மிஞ்சியது. "நாலு சக்கரத்துக்கு நாலு உள்ளங்கை. நீ, வண்டி, குந்திகினு வர மூணு பேரு, எல்லாத்துக்கும் தரைல கீறது அவ்ளோதான். நீ காத்த ஏத்தி அதையும் மூணு வெரலாக்கிட்ட."

உச்சிமாகாளி குனிந்து அட்டையைப் பார்த்தான். "ஏ யப்பா," என்று மெதுவாகச் சொன்னான். "நானும் எத்தனையோ வண்டிக்கு மாட்டியிருக்கேன்க்கா. இத நெனச்சே பாத்ததில்ல பாத்துக்கிடுங்க."

சாம்சனும் நினைத்ததில்லை. பதினொரு வருஷம் எத்தனை ஆயிரம் சக்கரத்தை மாட்டியிருப்பான். அத்தனை வண்டியும் உள்ளே குழந்தை குட்டிகளோடு இந்த அகலத்தில்தான் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. அவனுக்கு உள்ளங்கால் கூசியது. கடைத் தரையில் நன்றாக ஊன்றி நின்றுகொண்டான்.

அவள் சொன்ன டயரில் அந்த அளவுக்குக் கடையில் சரியாக நாலுதான் இருந்தது. பிரவீனா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒன்றை நிறுத்தி வைத்தாள். வெளியே இரு பக்கமும் பார்த்தாள். பிறகு வலது கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் டயரைச் சுழற்றினாள். டயர் அவள் கையைச் சுற்றி ஒரே வேகத்தில் வந்தது. உதடு லேசாக அசைந்தது, எண்ணுகிறாளா ஜெபிக்கிறாளா என்று தெரியவில்லை. பதினான்கு வருஷம் கூட வாழ்ந்தவன், அவள் வேலை செய்து பார்ப்பது அன்றைக்குத்தான். கோயிலில் அப்பம் பிட்கிற நேரத்தில் வருகிற அமைதி அந்த டயர் கடையில் வந்தது. கோதண்டம்கூடப் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டார்.

முதல் டயர் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி என்று தட்டித் தள்ளினாள். நாலாவதில் கை பாதிச் சுற்றில் நின்றது. பின்னால் போனது, திரும்ப முன்னால் வந்தது. கண்ணைத் திறந்தாள்.

"இது வோணாம்."

கோதண்டம் வந்து கையை விட்டார். ஒன்றும் தட்டுப்படவில்லை. உச்சிமாகாளியும் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். அவள் அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். உள்பக்கத்து ரப்பர் ஒட்டுகிற இடத்தில் கடுகளவுக்கு ஒரு காற்றுக் கொப்புளம். சாம்சனும் தொட்டான். இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான் அது.

"ஓடும்," என்றாள் பிரவீனா. "ஆறு மாசம் ஓடும், ஒரு வருஷம்கூட ஓடும். ஒரு நாள் வெயில்ல பிரிஞ்சிடும்."

கோதண்டத்துக்கு முகம் சுருங்கியது. டார்ச் அடித்து உள் விளிம்பைக் காட்டினார். "கம்பெனியே பாஸ் பண்ணிக்கீறான்மா. முத்திர பாரு. நாப்பத்தேழு. அங்க கைய வுட்டுப் பாக்கறவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போவுது?"

பிரவீனா அந்த வெள்ளை மையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டயரின் பக்கச் சுவரில் இருந்த நாலு எண்ணைத் தடவினாள். டயர் பிறந்த வாரமும் வருஷமும் அதில் இருக்கும். போன வருஷம், இருபத்துமூன்றாவது வாரம். விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். ஜூன் முதல் வாரம்.

"அந்த நாப்பத்தேழு நான்தாங்க," என்றாள்.

கோதண்டம் டார்ச்சை அணைத்தார். அவளைத் தவிரச் சாம்சனுக்கு மட்டும் அந்த வாரம் எது என்று தெரிந்தது. கருப்பா ரவுண்டா இருந்தா டயரு என்று சொன்ன வாரம். வாய் பேசாமல் சோறு போட்டுவிட்டு அவள் ஷிப்டுக்குப் போன வாரம். தான் சொன்ன ஒரு சொல் அவளோடு கம்பெனிக்குள் போய், அவள் கைக்கும் ரப்பருக்கும் நடுவில் கடுகளவுக்கு நின்றிருக்கிறது. அதை நினைத்தபோது அவனுக்கு வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன.

கோதண்டம் மெதுவாகப் பேச்சை எடுத்தார். இதை அவர் ஓரமாக வைத்துவிடுகிறார், யாரோ எடுத்துக்கொண்டு போவார்கள். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினால் அவள் நம்பரில்தான் கேள்வி வரும், எதற்கு வம்பு. சாம்சனும் அதையே நினைத்தான், சொல்லவும் செய்தான். ஒன்பது வருஷத்தில் அவள் நம்பரில் ஒரு டயரும் திரும்பி வந்ததில்லை. லைனில் அவளுக்கு அது பெரிய பெயர்.

"யாரோ எட்த்துகினு போறவன் வண்டிலயும் புள்ளைங்க குந்திகினு வருங்க," என்றாள் பிரவீனா. "திருப்பி அனுப்பற தாளைக் குடுங்க. நானே எழுதறேன்."

பெஞ்சில் உட்கார்ந்து அவளே எழுதினாள். குறை என்ன, எந்த இடம், எந்த வாரம், எந்த நம்பர். கண் கலங்கியிருந்தது.

ஜோடியாகத்தான் மாட்ட வேண்டும் என்பதால், நாலாவது வரும்வரை மூன்றாவதைக் கடையிலேயே வைத்துவிட்டு, இரண்டு புது டயரைப் பின்னால் போட்டார்கள். இருந்ததில் தேய்வு குறைந்த இரண்டை முன்னால் வைத்துக் காற்றைச் சரியான அளவுக்கு இறக்கினார்கள். உச்சிமாகாளி நட்டு முறுக்க வந்தபோது சாம்சன் அவன் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். பழைய வேலை, கை மறக்கவில்லை. ஆனால் இந்த முறை ஒவ்வொரு நட்டையும் முறுக்கிவிட்டு ஒரு தடவை தொட்டுப் பார்த்தான்.

திங்கட்கிழமை டெஸ்ட்டில் பத்தொன்பதரை வந்தது. வனமாமலை சீட்டைப் பார்த்தார், வண்டியைச் சுற்றி வந்தார்.

"என்னவே சாம்சன், முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணா போட்டிருக்கீரு?"

சாம்சன் நடந்ததை நடந்தபடி சொன்னான். முத்திரை யாருடையது என்பதையும் மறைக்கவில்லை. வனமாமலை குனிந்து அந்தப் பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, வெள்ளிக்கிழமை ஒருக்கா ஓட்டிக் காட்டும், அதுக்கு மேல எங்கிட்ட கேக்கக் கூடாது என்றார்.

அதே திங்கட்கிழமை பிரவீனா, கடையில் எழுதிய தாள் கம்பெனிக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால், தானே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. வியாழக்கிழமை வரை லைனிலிருந்து எடுத்து, புதிதாகச் சேர்ந்தவர்களோடு பயிற்சி அறையில் உட்காரவைத்தார்கள். ஒன்பது வருஷக்காரி, தூத்துக்குடியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நேற்று வந்த பெண்களோடு வரிசையில் நின்று கை விட்டுக் காட்ட வேண்டும். அன்று ராத்திரி அதை வீட்டில் சொன்னாள். சாம்சன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்து, எது சொன்னாலும் தப்பாகிவிடும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

நாலாவது டயர் வியாழக்கிழமை கடைக்கு வந்தது. பிரவீனா ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நேராகக் கடைக்கு வந்தாள். கையை விட்டாள், கண்ணை மூடினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றும் சுற்றினாள். முன்பெல்லாம் அவளுக்கு ஒன்று போதும். ரோட்டில் லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. உச்சிமாகாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணைத் திறந்து, முன்னால ரெண்டையும் மாட்டு என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது நல்ல மழை. ஒரகடம் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால், கார்களை அடுக்கி ஏற்றிப் போகும் நீள லாரி ஒன்று காரணமே இல்லாமல் நின்றது. சாம்சன் பிரேக்கில் ஏறி நின்றான். பின்சீட்டில் இருந்த அதிகாரி முன்சீட்டில் வந்து முட்டினார். வண்டி ஒரு பக்கமும் போகாமல், நேராக, சத்தமில்லாமல் நின்றது. பேட்டரி ஏறுகிறது என்று முன்னால் ஒரு பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது.

அவர்களை இறக்கிவிட்டு வந்து டெஸ்ட்டும் முடிந்து, டிரிப் உமக்குத்தான்வே என்று வனமாமலை சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சாம்சன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிரவீனாவுக்குப் போன் பண்ணினான். அன்றைக்குத்தான் அவளைத் திரும்ப லைனில் விட்டிருந்தார்கள். போன் லாக்கரில் அடித்து அடித்து ஓய்ந்தது. அதிகாரிகளைச் சாயங்காலம் இறக்கிவிட்டு, டயர் கம்பெனி வாசலில் போய் நின்றான். ஷிப்ட் விட்டு நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சட்டையில் குடையை விரித்துக்கொண்டு வந்தார்கள். அத்தனை கையையும் அவன் பார்த்தான். நாட்டில் ஓடுகிற வண்டிகளுக்கெல்லாம் அடியில் இந்தக் கைகள் இருக்கின்றன என்று தோன்றியபோது அவனால் வண்டியில் சாய்ந்து நிற்க முடியவில்லை, நிமிர்ந்து நின்றான்.

பிரவீனா வந்தாள். என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டாள்.

"நின்னுச்சி," என்றான்.

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. முகம் மாறியது. "எவ்ளோல?"

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். லாரிக்கும் வண்டிக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அவள் அந்தக் கையைத் தன் கையால் மூடிக்கொண்டாள். ஷிப்ட் விட்டு வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். மழை அவர்கள் மேல் பெய்தது.

வண்டி படப்பையைத் தாண்டிய பிறகுதான் அவள் மைலேஜ் எவ்வளவு வந்தது என்று கேட்டாள். சாம்சன் சட்டைப்பையைத் தொட்டான். சீட்டு நனைந்து மை ஊறியிருந்தது. எவ்வளவு வந்ததென்று அவனுக்கு உடனே ஞாபகம் வரவில்லை.